பிந்தி வந்தவளுக்கு முதல் அங்கம்

தோட்டவெளி, மன்னார்
12.10.1993

அன்பு மசூதா,

சுகமா என்று கேட்டால், "ஓலைக் கொட்டிலில் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியாடி இது?" என்று ஏசுவாய். ஆகவே கேட்கவில்லை. உன் அண்ணன் முஹைதீன் நானாவையும் ஆசியா உம்மாவையும் உன் மகள் றிஸ்மியாவையும் நான் விசாரித்ததாகச் சொல். நோன்புப் பெருநாளுக்கு நீ எழுதினாய். நான் உடனே பதில் போட்டேன். வந்து சேர்ந்ததா தெரியவில்லை. இந்தத் தீவிலிருந்து கற்பிட்டிக்கு ஒரு கடிதம் போகிற நேரத்துக்குள் மீன் நீந்தியே போய்விடும்.

ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே. "நாலு அடுப்பு வீடு" நினைவிருக்கிறதுதானே? நானா கூரைக்கு மேலே ஏறி, அன்ரனாக் கம்பத்தை இந்தியாப் பக்கம் திருப்பிப் பிடித்து, செவ்வாய்க்கிழமை தவறாமல் வீடியோக் கசற்றில் எடுத்து வைத்தாரே, அந்த நாடகம்தான். இங்கே புதிதாகச் சில சனம் வந்திருக்கிறார்கள். பெருநிலப் பக்கம் இருந்து ஷெல்லுக்கு ஓடி வந்தவர்கள். ரீவி என்ற சாமானையே சரியாகப் பார்த்ததில்லை. கசற்றைக் கண்டுவிட்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது காட்டச் சொல்லிப் பிடிவாதம்.

பாதரிடம் ரீவியும் வீடியோ டெக்கும் இருக்கின்றன. டிசம்பரில் நத்தாருக்கு முன்பு ஒரு நாள் கோயில் மண்டபத்தில் ஜெனரேற்றர் போட்டுத் தருவதாகச் சொன்னார். டீசல் கிடைக்கிற கிடைப்புக்கு ஒரேயொரு அங்கம்தான் போடலாம். எதைப் போடுவது? கதை தெரியாத ஒருவர் அதை மட்டும் பார்த்து இந்த நாடகத்தை விரும்ப வேண்டும். அப்படி ஒன்று எது?

என் எண்ணம் ஆறாவது. மழை வெள்ளம் வந்து, மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா மகனோடு டில்லிக்குப் போகிறாளே, அது. அன்று உன் வீட்டு ஹோலில் அழாதவர் இல்லை. ஆனால் வெள்ளத்தையும் பயணத்தையும் இந்தச் சனத்துக்குக் காட்டலாமா என்று ஒரு யோசனையும் இருக்கிறது. நீ சொல்.

உன்
பிரான்சிஸ்கா


அகதி முகாம், கற்பிட்டி
3.11.1993

அடியே பிரான்சிஸ்கா,

உன் கடிதத்தை நான் வாசிக்க, உம்மா பக்கத்தில் இருந்து கேட்டா. முடியமுன்னமே, "ஆறாவதா? அவளுக்கு மண்டையில என்ன பிழை?" என்று கத்தினா. இந்த முகாமில் நாங்கள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று உனக்குத் தெரியாது. நானா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றுவிட்டு வந்தவர், கைகால் கழுவவும் இல்லை, அவரும் வழக்குக்கு வந்துவிட்டார்.

கேள். ஆறாவது போட்டால் அவர்களுக்கு என்ன விளங்கும்? யாரென்று தெரியாத ஒரு கிழவி காரில் ஏறிப் போகிறாள். போகட்டுமே! நாங்கள் அழுதது அதற்கு முன் ஐந்து கிழமை அவளோடு கோபித்துக் கொண்டும் கொண்டாடியும் இருந்ததால். அழுகை கடைசியில் கொடுக்கிற சாமான். வந்த உடனே விருந்தாளிக்கு அதையா வைப்பாய்?

பதினோராவதைப் போடு. கிணற்றுக் கயிற்றுச் சண்டை. நாலு குடும்பம், ஒரு கிணறு, ஒரு கயிறு. யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தண்ணீருக்குச் சண்டை பிடிக்காத சனம் உலகத்தில் உண்டா? இங்கே ஒரு நாளைக்கு மூன்று முறை பிடிக்கிறோம்.

நானா சொல்கிறார், முதலாவதைத்தான் போடவேண்டுமாம். ஆரம்பம் ஆரம்பம்தானாம். அவருக்கு ரசனை கிடையாது. முதலாவது மெதுவாக ஊரும், பாதிப்பேர் நித்திரையாகிவிடுவார்கள்.

ஆனால் இதையெல்லாம் தெரிவு செய்ய நீ யாரடி? எந்த அங்கத்தின் தொடக்கத்தையாவது உன் கண்ணால் கண்டிருக்கிறாயா? செவ்வாய் பின்னேரம் அந்தோனியார் நவநாள் செபம் முடித்து, சைக்கிள் உழக்கி, மூச்சு வாங்க நீ வந்து சேரும்போது பத்து நிமிடம் ஓடியிருக்கும். "என்ன நடந்தது, என்ன நடந்தது" என்று என் தோளைப் பிடித்து உலுப்புவாய். வீட்டுக்கார அம்மாவைக் கதாநாயகியின் தாய் என்று எத்தனை கிழமை நினைத்துக் கொண்டிருந்தாய்! அதைச் சொல்லியும் உம்மா சிரித்தா.

கடைசி அங்கத்தை நீ பார்க்கவேயில்லை, தெரியுமா? அன்று றோட்டு மூடிக் கிடந்தது. முடிவைச் சொல்லு என்று அதற்குப் பிறகு எத்தனை தரம் கெஞ்சினாய். வா, போட்டுக் காட்டுகிறேன் என்றேன். இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

ஒன்று விளங்கவில்லை. கசற்றுகள் உன்னிடம் எப்படி வந்தன? தகரப் பெட்டியில் அடுக்கி, என் அறையில் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன். நீ வீட்டுக்குள் போனாயா? வீடு எப்படி இருக்கிறது? முன்வாசல் முருங்கை நிற்கிறதா? ஊரில், தாராபுரத்தில் எங்கள் வீடுகளுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை என்று இங்கே வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை. கண்ணை மூடினால் அந்த ஹோல் அப்படியே இருக்கிறது. அதற்குத் திரும்பிப் போகத்தான் இந்த மணலில் படுத்துக் கிடக்கிறேன். உண்மையை எழுது.

மசூதா


தோட்டவெளி
24.11.1993

அன்பு மசூதா,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுக்கும்போதும் அதே நினைவுதான். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத வந்தேன், நாடகத்தைப் பற்றி எழுதிவிட்டேன்.

முருங்கை நிற்கிறது. கூரையும் இருக்கிறது. ரீவி, டெக், கட்டில், தையல் மெஷின் ஒன்றும் இல்லை. நீங்கள் போன கிழமையே போய்விட்டன. யார் என்று கேட்காதே. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், மசூதா.

நான் சொன்ன புதுச் சனம் அவர்கள்தான். பேச்சியம்மா என்று ஒருத்தி, இரண்டு பெண் பிள்ளைகள், அவளுடைய மாமனார். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து, பெருநிலத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அங்கே ஷெல் விழுந்து புருஷன் போய்விட்டான். இங்கே வந்து நின்றபோது, வெறுமையாகக் கிடக்கிற வீடு என்று அரசாங்கக் கந்தோரில் இதைக் காட்டி விட்டார்கள். வந்து எட்டு மாதம். பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். அப்படித்தான் எனக்குத் தெரியும்.

உன் தகரப் பெட்டி அங்கேயே கிடந்தது. கசற்றை எடுத்து என்ன செய்வதென்று திருடியவர்களுக்கும் தெரியவில்லை போலும். மூடியில் நீ 786 என்றும் மேலே அரபியிலும் எழுதி வைத்திருந்தாயல்லவா? பேச்சியம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் நான் பிள்ளைகளைத் தேடிப் போனபோது, ஹோலில் உயரத் தட்டில் கசற்றுகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் செவ்வரத்தம்பூ. ஒரு சின்ன விளக்கு.

"இது என்ன?" என்றேன்.

"இந்த வீட்டுக்காரங்க சாமி சாமானுங்க, டீச்சர். நாங்க வந்து பொழங்குற எடம், மரியாத கொறையக் கூடாதில்ல" என்றாள்.

எட்டு மாதமாக "நாலு அடுப்பு வீட்டு"க்குப் பூ வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கவும் முடியவில்லை, அழுகையும் வந்தது. இது சாமி இல்லை, நாடகம் என்று விளங்கப்படுத்தப் போய்த்தான் இவ்வளவும் வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மறைத்தால் பிறகு நீ என்னை நம்பமாட்டாய். போன மாதம் மழைக்குள் விறகு இல்லாமல் உன் அலுமாரியின் கதவுகளை எரித்திருக்கிறார்கள். அதை அவளே எனக்குக் காட்டினாள்.

கோபிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரான்சிஸ்கா


கற்பிட்டி
9.12.1993

பிரான்சிஸ்கா,

போடாதே. ஆறாவதும் வேண்டாம், பதினோராவதும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

புதுச் சனம் என்று எவ்வளவு நைசாக எழுதினாய். நானும் விசரியைப்போல உம்மாவுக்கு வாசித்துக் காட்டி, சிரித்து, கிணற்றுச் சண்டையைப் போடு என்று உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். என் ஹோலில் இருக்கிறவளுக்கு, என் நாடகத்தில் எது ருசி என்று என்னிடமே கேட்டிருக்கிறாய்!

அந்த அலுமாரி எனக்கு வாப்பா கல்யாணத்துக்குச் செய்து தந்தது. வாப்பா வந்த வழியில் மௌத்தானதும் உனக்குத் தெரியும். முகாமில் வைத்து அடக்கினோம்.

நீ எதற்கும் பிந்தித்தான் வருவாய். துவக்கு நீட்டி முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்திய அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு நாள் மழைக்குள் கடற்கரையில் நின்றோம். வருவாய், வருவாய் என்று றோட்டையே பார்த்துக் கொண்டு நின்றேன். வள்ளம் ஆழத்துக்கு வந்த பிறகு கரையில் உன் சைக்கிளைக் கண்டேன். கையைக் காட்டினாய். நான் காட்டவில்லை. அதை நீ கண்டாயோ தெரியாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மசூதா


தோட்டவெளி
22.12.1993

மசூதா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

கசற்றைப் போடவில்லை. பாதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நீ கை காட்டாததைக் கண்டேன். அன்று அம்மா விடியவே எழும்பிப் பிட்டு அவித்து, முட்டை பொரித்து, றிஸ்மியாவுக்கென்று சீனி போட்டு ஒரு பங்கு தனியாகக் கட்டித் தந்தா. உங்கள் சந்தியில் துவக்கோடு நின்ற பெடியள் மறித்துவிட்டார்கள். "அவங்க உங்கட ஆக்கள் இல்லத்தானே அக்கா, உங்களுக்கு என்ன?" என்றான் ஒருவன். நான் அழுதேன், கத்தினேன், பின்னேரம் ஆனபிறகுதான் விட்டார்கள். இதைச் சொன்னால் நான் வந்ததாக ஆகிவிடாது. நீ கரையில் நின்றபோது நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

பேச்சியம்மாவிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. வீட்டுக்காரிக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் கசற்றுகளை எல்லாம் இறக்கி, சேலைத் துண்டால் துடைத்து, பெட்டிக்குள் அடுக்கி மூடினாள். பிறகு, "அவங்களுக்கு எழுதுறப்போ கேளுங்க டீச்சர், கதவு எரிச்சதுக்கு என்ன செய்யணும்னு. எங்க கையில ஒண்ணுமில்ல. வேலை செஞ்சு குடுக்கிறேன்" என்றாள்.

பூ வைப்பதை நிறுத்தவில்லை. இப்போது பெட்டிக்கு வைக்கிறாள். நாடகம்தான் என்று தெரியும்தானே என்றேன். "பழகிப் போச்சுங்க" என்கிறாள்.

கர்த்தர் உங்களைக் காப்பாற்றட்டும்.

பிரான்சிஸ்கா


கற்பிட்டி
11.1.1994

பிரான்சிஸ்கா,

அந்தப் பிட்டை என்னடி செய்தாய்?

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாக எனக்குள் இந்த ஒரு கேள்விதான். அன்று வள்ளத்தில் பிள்ளை பசியில் கத்திக் கத்தி என் மடியில் நித்திரையானாள். சீனி போட்ட பிட்டு சந்தியில் நின்றிருக்கிறது. யாரைப் பேசுவது, சொல்லு. உன்னைப் பேசிப் பழகிவிட்டது, அதனால் உன்னையே பேசினேன்.

உம்மாவுக்குப் பூ விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை சொன்னேன். "அஸ்தஃபிருல்லாஹ்! நாடகத்துக்கு விளக்கா?" என்று முதலில் நெஞ்சில் கையை வைத்தா. கொஞ்ச நேரம் போக, "பாவம், அறியாமச் செஞ்சிருக்கா. மரியாதைக்குத்தானே" என்றா. அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கினா, நிறுத்தவே இல்லை. நானும் சிரித்தேன். என் வீட்டில் களவெடுக்க வந்தவனும் கசற்றைத் தொடவில்லை, இவள் மட்டும் மதித்திருக்கிறாள்.

இங்கே நடப்பதையும் கேள். நாங்கள் கொட்டில் போட்டிருக்கிற தென்னந்தோட்டம் ஒரு அம்மாவுடையது. வந்த புதிதில் சோறு அனுப்பினா, கிணற்றைத் திறந்து விட்டா. மூன்று வருஷம் ஆகிறது, அவவும் என்ன செய்வா? விழுகிற தேங்காய் குறைகிறது, ஓலை குறைகிறது. போன கிழமை வந்து நின்று, "எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டா. நல்ல மனிசி, கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவவுடைய தென்னங் கங்குமட்டையை எரித்துத்தான் நான் அன்று உலை வைத்திருந்தேன். எனக்கு உன் பேச்சியம்மாவின் நினைவு வந்தது. வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை, வந்துவிட்டது.

அலுமாரிக் கதவுக்குக் கூலி வேண்டாம் என்று சொல். கதவு போனது போனதுதான். எனக்கு இன்னும் எரிகிறது, அதையும் சொல்.

நாடகத்தைப் போடு. முதலாவதைப் போடு. நானா சொன்னதுதான் சரி, அவரிடம் இதை ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிடாதே, தலையில் ஏறி இருப்பார். முதல் பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். இந்தமுறை நேரத்துக்குப் போய் இருந்து பார்.

ஒரு கட்டளை. கடைசிக் கசற்றை யாருக்கும் போடக்கூடாது. உனக்கும்தான். அது என் வீட்டு ஹோலில், நான் இருக்கும்போது போடவேண்டியது.

மசூதா

மறந்துவிட்டேன். ஹோலில் மேற்கு மூலை ஓடு ஒழுகும். எவ்வளவு பூசினாலும் நிற்காது. பிள்ளைகளின் பாயை அந்தப் பக்கம் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்.


தோட்டவெளி
10.2.1994

என் மசூதா,

நாற்பது நாள் தபசு காலம் தொடங்கமுன் போடவேண்டும் என்று பாதர் அவசரப்படுத்தினார். முந்தநாள் போட்டோம். செவ்வாய்க்கிழமை! வாழ்க்கையில் முதல் தடவையாக நவநாளுக்குப் போகவில்லை. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார், இதையும் பொறுத்துக்கொள்வார் என்று அம்மா சொன்னா. நான்தான் மண்டபத்துக்கு முதலில் போனேன். கதிரை இழுத்து, ரீவிக்கு முன்னால் இருந்தேன். உனக்காகப் பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டு வைத்தேன். அதில் பிறகு பேச்சியம்மாவின் மாமனார் இருந்துவிட்டார், எழுப்ப மனம் வரவில்லை.

முதலில் கோடு கோடாக ஓடியது. நானாவின் இருமல் கேட்கும் என்று மடைத்தனமாகக் காத்திருந்தேன். பிறகு மழை. கைவண்டியில் பாத்திரமும் பாயும் ஏற்றி, நனைந்துகொண்டு ஒரு குடும்பம் வருகிறது. வாசலில் வீட்டுக்கார அம்மா திறப்புக் கோர்வையோடு நிற்கிறாள். அவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த அம்மா ஆளாளாகப் பார்க்கிறாள், பார்க்கிறாள். இவள் இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது சொல்கிறாளே, மசூதா. "மேற்கு மூலை ஒழுகும். குழந்தைகளை அந்தப் பக்கம் படுக்கவைக்காதே." அவ்வளவுதான். திறப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படியேறிப் போகிறாள்.

எனக்கு அதற்குப் பிறகு படம் தெரியவில்லை. ஏன் டீச்சர் அழுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பேச்சியம்மா கேட்கவில்லை. நீ எழுதியதை அவளிடம் போன கிழமையே சொல்லியிருந்தேன், அன்றே பாயை மாற்றிப் போட்டிருந்தாள். ரீவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரும் நித்திரையாகவில்லை. டீசல் முடியமுன்னம் அங்கம் முடிந்துவிட்டது. இன்னொன்று போடச் சொல்லிச் சின்னவள் தரையில் உருண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பேச்சியம்மா என்னிடம் கேட்டாள். "அந்த வீட்டுக்காரம்மா பொறகு எங்கயோ போயிருவாங்கன்னு சொன்னீங்களே, டீச்சர். கடைசியில திரும்பி வாறாங்களா?"

"எனக்கும் தெரியாது. நான் பார்க்கேல்ல. இந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்" என்றேன்.

"அப்ப அவங்க வந்துதானே சொல்லணும்" என்றாள்.

கடைசிக் கசற்றை அவளே பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். தன் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்களாம். அது இப்போது எங்கள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா அதற்கும் பூ வைக்கத் தொடங்கிவிடுவாவோ என்று பயமாக இருக்கிறது.

பிட்டைக் கேட்டாய். கரையில் நின்ற நாய்களுக்குப் போட்டேன். சீனிப் பிட்டை மட்டும் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அம்மா பார்த்துவிட்டுக் கட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனா. றிஸ்மியாவுக்கு அது கடன். வரும்போது சுடச்சுட அவித்துத் தருவா.

எப்போது விடுவார்கள், எந்த வழியால் வருவாய், ஒன்றும் தெரியாது. வள்ளத்தில் என்றாலும் பஸ்ஸில் என்றாலும் முன்கூட்டி ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை. நான் முதல்நாளே வந்து நிற்பேன்.

உன்
பிரான்சிஸ்கா